சிந்தாத உயரம்

இருமினால் எவ்வளவு குறையும்?

வண்டி கிளம்பியதிலிருந்தே தொண்டையில் ஒரு கரகரப்பு. இருமினால் முதுகெலும்பு குலுங்கும். குலுங்கினால், எலும்புகளுக்கு நடுவே ராத்திரியெல்லாம் ஊறி உப்பியிருக்கிற சவ்வு அழுந்தும். அழுந்தினால் உயரத்தில் ஒரு நூல் போய்விடும். என்னிடம் உபரியாக இருப்பதே அந்த ஒரு நூல்தான். அண்ணியைக் கேட்கலாம். கேட்டால் அண்ணி சிரிப்பாள், அவள் சிரித்தால் நானும் சிரிக்க வேண்டிவரும். அதற்கு இருமலே தேவலை.

சுண்டு எச்சிலை விழுங்கிக்கொண்டு வண்டியின் தகரக் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். சுண்டுவிரல் அளவுக்குப் பிறந்தாள் என்று அண்ணன் வைத்த பெயர் அது. வளர்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதற்கான அவசியம் வரவில்லை.

அது மெத்தைக் கடை வண்டி. அண்ணன் அதில்தான் வீடு வீடாக மெத்தை கொண்டுபோய் இறக்குகிறான். பின்பக்கத்தில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது மெத்தை ஒன்று கிடந்தது. அதன்மேல் வீட்டுப் போர்வை, போர்வையின்மேல் அவள். காலையில் எழுந்து நிற்கவே விடவில்லை. ஒரே ஒரு முறை குளியலறைக்குப் போக அனுமதி கிடைத்தது, அதுவும் அண்ணி கதவுக்கு வெளியே நின்று "நின்னுட்டே யோசிக்காத, சீக்கிரம் வா" என்று விரட்டியபடி. பிறகு அண்ணனும் அண்ணியும் அவளைப் போர்வையோடு நான்கு மூலையும் பிடித்துத் தூக்கிவந்து வண்டியில் ஏற்றினார்கள். எதிர்வீட்டுக்காரர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "ஒண்ணும் இல்லைங்க, இன்டர்வியூ" என்றான் அண்ணன்.

"பள்ளம் வருது, புடிச்சுக்கோங்க," என்று இப்போது முன்னால் வண்டி ஓட்டியபடி அண்ணன் குரல் கொடுத்தான்.

பின்னால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி இரண்டு கைகளாலும் சுண்டுவின் தோள்களைப் பிடித்துக்கொண்டாள். வண்டி இறங்கி ஏறியது.

"மெதுவா போங்கன்னு சொன்னேன்ல. பிள்ளைத்தாச்சிய ஏத்திட்டுப் போற மாதிரி போகணும்."

"பிள்ளைத்தாச்சிகூட எந்திரிச்சு உக்காருவா. இவ முட்டை."

விமான நிறுவனம் ஒன்று கேடட் பைலட் பயிற்சிக்கு ஆள் எடுத்தது. தேர்வானவர்களைத் தானே படிக்கவைத்துத் தன் விமானங்களிலேயே அமர்த்திக்கொள்ளும். எழுத்துத் தேர்வு, கைக்கும் கண்ணுக்குமான தேர்வு, நேர்காணல் எல்லாவற்றையும் சுண்டு தாண்டிவிட்டாள். மிச்சம் இருந்தது உடல் பரிசோதனை மட்டும். அதில் கண்ணும் காதும் இதயமும் அவளுக்குப் பயமில்லை. உயரம்தான். நிறுவனம் கேட்ட உயரத்தை வீட்டு வாசல்நிலையில் பென்சிலால் கோடு போட்டுவைத்துத் தினமும் நின்று பார்த்தாள். சாயங்காலம் தலை கோட்டுக்குக் கீழே நின்றது. ஒரு நாள் எழுந்ததும் எழாததுமாக நின்று பார்த்தபோது, தலை கோட்டைத் தாண்டியிருந்தது.

கோடு போடும்போது பென்சில் நகர்ந்துவிட்டது என்றுதான் அண்ணன் நினைத்தான். அண்ணி ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சிகிச்சை கொடுப்பவள். அவள்தான் சொன்னாள், எல்லா மனிதர்களும் காலையில் கொஞ்சம் உயரம், நிற்க நிற்க நடக்க நடக்கக் குறைந்துபோகிறார்கள் என்று.

"அப்ப இது ஏமாத்து இல்லையா அண்ணி?"

"எதுக்கு ஏமாத்து? உன் முதுகு ராத்திரி பூரா உழைச்சுச் சேர்த்தது. நாம சிந்தாம கொண்டுபோய்ச் சேர்க்கிறோம், அவ்வளவுதான்."

அடுத்த வருடம் அவள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். இன்று இல்லையென்றால் இனி இல்லை. அதனால்தான் அண்ணி வேலைக்கு லீவு சொன்னாள், அண்ணன் முதலாளியிடம் வண்டியைக் காலையிலேயே கேட்டு வாங்கினான்.

கைக்கும் கண்ணுக்குமான தேர்வில் தேறியதும் அண்ணியால்தான். திரையில் ஓடும் புள்ளியை ஒரு கையால் வட்டத்துக்குள் பிடித்துவைத்துக்கொண்டே, காதில் விழும் எண்களைக் கூட்டிச் சொல்ல வேண்டும். வீட்டில் அதற்கு இயந்திரம் இல்லை. அண்ணி ஒரு தாம்பாளத்தையும் கோலிக்குண்டையும் கொடுத்தாள். குண்டு விளிம்பைத் தொடக்கூடாது. அடுப்படியில் நின்று கரண்டியால் தட்டித் தட்டி எண்களைச் சொல்வாள். தப்பாகக் கூட்டினால் அன்றைய பாத்திரமெல்லாம் சுண்டு கழுவ வேண்டும். அந்த மாதங்களில் வீட்டில் பாத்திரம் கண்ணாடியாக மின்னியது.

படுத்தபடி அவள் அண்ணியின் கைகளைப் பார்த்தாள். நாளெல்லாம் பிறர் முதுகைப் பிடித்துவிடுகிற கைகள். இந்த வீட்டுக்கு வந்தபோது இவளிடம், என்னைத் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே என்று நினைத்தாள். நன்றி என்பது நெஞ்சில் எங்கே தங்குகிறது என்று தெரியவில்லை. படுத்திருக்கும்போது அது தொண்டைக்கு வந்துவிடுகிறது. ஒருவேளை அந்தக் கரகரப்பு அதுதானோ.

அண்ணனின் போன் அலறியது. அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, எங்க மெத்தை எப்ப வரும்?" என்றது ஒரு பெண் குரல்.

"கிளம்பியாச்சுங்க. ஆஸ்பத்திரில ஒரு சின்ன வேலை, முடிஞ்சதும் நேரா உங்க வீடுதான்."

"மெத்தைக்கு ஆஸ்பத்திரில என்ன வேலை?"

அண்ணன் ஒரு கணம் யோசித்தான். "செக்கப்புங்க. நம்ம கடையில எல்லாத்தையும் செக் பண்ணித்தான் குடுப்போம்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். சுண்டு பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே இருந்த கம்பிச் சன்னலில் அம்மாவின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. விண்ணப்பம் போட்ட நாளில் "ஆகாசத்துல உனக்கு என்னடி கிடக்கு" என்று கேட்டதோடு சரி.

"உங்கப்பா பக்கம் பூரா பனைமரம்," என்றாள் அம்மா. "உங்கண்ணன் அங்க போயிட்டான். நீ என்கிட்ட வந்து மாட்டிக்கிட்ட. என் காலைத்தான் உனக்குக் குடுத்திருக்கேன்."

மன்னிப்புக் கேட்கிறாள் என்பது சுண்டுவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அம்மா இதுவரை யாரிடமும் அதைக் கேட்டு அவள் பார்த்ததில்லை. கேட்கிற தோரணையும் திட்டுகிற தோரணைதான்.

"நல்ல கால்தாம்மா," என்றாள். "நாள் பூரா நிக்குது."

"ம். நிக்கும். அது நிக்கும்," என்று சொல்லிவிட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாள் பூரா நிற்பது என்று சொன்னது வேலையை நினைத்து. விமான நிலையத்தில் பெட்டிகளை எடை போட்டு அனுப்பும் கவுண்டரில் இருக்கிறாள் சுண்டு. கூட வேலை செய்பவர்களுக்குக் கவுண்டருக்கு மேலே பயணிகளின் முகங்கள் தெரியும். அவளுக்குப் பக்கத்து இடுக்கு வழியாகக் கால்கள் தெரியும். பெட்டியின் எடை கொஞ்சம் கூடுதலாக இருக்கிறவர்கள், அதன் ஓரத்தைச் செருப்பு நுனியால் நெம்பிப் பிடிப்பார்கள். திரையில் எண் இறங்கும். ஆள் மட்டும் ஒன்றும் அறியாதவர்போல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் எதுவும் சொல்வதில்லை. அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நேரத்தில் கால் தானாகத் தரைக்கு வந்துவிடும். பெட்டியின் உண்மையான எடை திரையில் ஏறும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது வெறும் விதியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் தோன்றியது, நான் தட்டுகிற இந்த எண்ணையெல்லாம் கூட்டி, அதை நம்பி ஒருவர் விமானத்தைத் தரையிலிருந்து கிளப்புகிறார், அவர் கீழே வந்து பெட்டியைத் தூக்கிப் பார்ப்பதில்லை. அந்த நினைப்பு வந்த நாளிலிருந்து அவள் மேலே இருக்கிறவரைப் பற்றி யோசிக்கத் தொடங்கினாள். யோசித்து யோசித்து, அந்த இடத்தில் தன்னையே வைத்துப் பார்க்கத் துணிந்தாள். வீட்டில் முதலில் சொன்னபோது அண்ணன் சிரித்தான், "பைலட்டுக்கு முக்காலி குடுப்பாங்களா?" என்று கேட்டான். மறுநாள் அவன்தான் விளம்பரத்தைத் தேடி எடுத்துவந்தான்.

பரிசோதனை மையத்தின் வாசலில் வண்டி நின்றது. மெத்தையோடு தூக்கிப்போகலாம் என்றான் அண்ணன். சுண்டு மறுத்துவிட்டு, தளும்பத் தளும்ப நிறைத்த குடத்தைத் தலையில் வைத்திருப்பவள்போல் நடந்தாள். அண்ணி ஒருபக்கம், அம்மா ஒருபக்கம்.

"டாக்டர் வர நேரமாகும். உக்காருங்க," என்றார் வரவேற்பில் இருந்தவர்.

உட்கார முடியாது என்பதை அவருக்கு விளக்க யாரும் முயலவில்லை. தாழ்வாரத்துப் பெஞ்சில் அம்மா ஓரமாக உட்கார்ந்து மடியைத் தட்டினாள். சுண்டு அதில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். எதிரே வரிசையாக மற்ற விண்ணப்பதாரர்கள், இஸ்திரி போட்ட சட்டைகள், நீள நீளமான கால்கள். கொக்குக் கூட்டத்தில் குருவி விழுந்துகிடப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

"அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஒரு நெட்டையன் அண்ணனிடம் கேட்டான்.

"இல்ல தம்பி," என்றான் அண்ணன். "வளர்ந்துட்டிருக்காங்க."

சன்னல் வெயில் தரையில் மெல்ல நகர்ந்து பெஞ்சின் கால் வரை வந்தது. ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். அம்மாவின் விரல்கள் அவள் வகிட்டில் ஒரே இடத்தைத் தடவிக்கொண்டிருந்தன. படுத்திருந்தாலும் வண்டி குலுங்கியதும் வாசலிலிருந்து நடந்ததும் கணக்கில் வரும் என்று சுண்டுவுக்குத் தெரியும். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே இருந்த நர்ஸ் நடுவயதுக்காரி. உயரமானி அருகே ஒரு சின்ன மரப்படி வைத்திருந்தாள். அதன்மேல் ஏறித்தான் பிறர் தலையில் கட்டையை இறக்குவாள் போலிருந்தது. சுண்டுவுக்கு மட்டும் அது தேவைப்படவில்லை. இருவரும் அதைக் கவனித்தார்கள், இருவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது.

"செருப்பைக் கழட்டிட்டு ஏறும்மா. முதுகு சுவத்துல படட்டும். மூச்சை இழு."

இரும்புத் தட்டு பாதங்களில் சில்லென்றது. கட்டை வந்து தலையில் உட்கார்ந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். கட்டையை உயர்த்தி மறுபடி இறக்கினாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு கட்டையை மேலே தள்ளிவிட்டுப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஒரு நூல்மா," என்றாள் தணிந்த குரலில். "ஒரே ஒரு நூல் பத்தல."

சுண்டு தட்டிலிருந்து இறங்காமல் நின்றாள்.

"வெளிய பெஞ்சுல படுத்திருந்தது நீதானே? எல்லாம் பார்த்தேன். உங்கம்மா மடியிலயே வச்சிருந்தாங்க." நர்ஸ் அவளுக்கு இன்னும் அருகில் வந்தாள். "நானும் இந்த உயரத்தை வச்சுக்கிட்டு நர்சிங் சேர வந்தவதான். அன்னிக்கு ஒரு அக்கா எனக்காகக் கண்ணை மூடிக்கிட்டாங்க. அவங்க இல்லேன்னா நான் இங்க இல்ல. குதிகாலை லேசா எடு. எடுத்து நில்லு. நான் பேனா தேடுறேன்."

சொல்லிவிட்டு நர்ஸ் முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். பேனா அவள் சட்டைப் பையிலேயே இருந்தது.

முன்பின் தெரியாத பெண். தன் வேலையைத் தன் கையாலேயே ஒரு நூல் வளைக்கிறாள், எனக்காக. சுண்டுவுக்குக் கண் கரித்தது. காலையிலிருந்து என்னைக் கீழே விடாமல் தூக்கிக்கொண்டே இருக்கிறார்கள், இவளும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிமிடத்தில் நர்ஸின் முதுகைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

எடுத்தால் போதும். குதிகாலுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு காகிதம் நுழைகிற இடம். வெளியே அண்ணன் துள்ளுவான். அம்மா யாரையோ திட்டுவாள், சந்தோஷத்தில்.

அவள் குனியாமல், கண்ணை மட்டும் தாழ்த்தித் தன் கால்களைப் பார்த்தாள். அம்மாவின் கால்கள். பெருவிரல் சற்று வளைந்து, பாதம் அகன்று. இடுக்கு வழியாகத் தினமும் எத்தனையோ கால்களைப் பார்த்திருக்கிறாள். தன் காலை இப்படிப் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க அது அசையவில்லை.

அந்த எண்ணை யாரோ ஒருவர் நம்புவார். கீழே இறங்கிவந்து தூக்கிப் பார்க்க மாட்டார்.

இல்லையென்று ஆனால், அதே வண்டியில்தான் திரும்ப வேண்டும். மெத்தையை அந்த வீட்டில் சேர்க்க வேண்டும். இந்தத் தடவை அண்ணி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே போகலாம், இருமலாம், வயிறு வலிக்கச் சிரிக்கலாம். அவர்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். அந்த நினைப்பு அவளைத் தாங்கிப் பிடித்தது, தூக்கவில்லை.

அவள் முதுகைச் சுவரோடு சேர்த்தாள். குதிகால் இரண்டையும் தட்டில் அழுத்தி ஊன்றினாள்.

"சிஸ்டர்," என்றாள். "பேனா உங்க பையிலதான் இருக்கு."

நர்ஸ் திரும்பினாள். முதலில் சுண்டுவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு காலை.

"ரொம்ப தேங்க்ஸ் சிஸ்டர். கால் கீழயே இருக்கட்டும். இப்ப பாத்து எழுதிக்கோங்க."