கூட்டுக்குள் ஒரு சாரை

கல்யாணமாகி வந்த மூன்று வருஷத்தில், அந்த வீட்டில் தன்னுடையது என்று இளையவளுக்கு இருந்தவை ஏழு கோழிகள்தான். மூத்த ஓரகத்திக்கு அதுவும் கண்ணை உறுத்தியது. "இன்னொரு தடவை பாம்பு வந்தா கூட்டைப் பிரிச்சு விறகாக்கிடுவேன்" என்று மாமனார் எதிரிலேயே சொல்லிவிட்டாள்.

"வந்தா நானே பிரிச்சுத் தரேன்க்கா" என்று இவளும் வீம்புக்கு வாயைக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்த வாயைக் காப்பாற்ற ஞாயிறு முழுக்க மாடாய் உழைத்தாள். கூட்டைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, சுண்டுவிரல்கூட நுழையாத கம்பி வலையை முழங்கை ஆழத்துக்குப் புதைத்தாள். கதவிடுக்கில் தகரம் அடித்தாள். சிந்திய தீவனத்தைப் பெருக்கினாள். எலி வராத இடத்தில் பாம்புக்கு என்ன வேலை? பொழுது சாய்வதற்குள் முடிக்கிற அவசரத்தில், முட்டைப் பெட்டியில் பழைய வைக்கோலை அள்ளாமல் அதன்மேலேயே புதிதைப் பரப்பினாள்.

காலையில் கோழிகள் போட்ட கூச்சலில் வீடே கொல்லைக்கு ஓடியது. கூட்டுக்குள் ஆறடிச் சாரை. முட்டைகளை விழுங்கி வயிறு புடைக்க, வலையில் மூஞ்சியை முட்டிக்கொண்டிருந்தது.

"விருந்தாளி வந்தாச்சு. பிரிக்கிறியா, நான் பிரிக்கட்டுமா?" என்றாள் மூத்தவள்.

பாம்பு பிடிக்கிறவர் வந்து சாரையைச் சாக்கில் போட்டார். கூட்டை ஒரு சுற்று சுற்றி, முட்டைப் பெட்டியைக் கிளறினார். அடி வைக்கோல் ஒரு தட்டு அகலத்துக்கு வட்டமாக அமுங்கியிருந்தது.

"வெளியிலிருந்து வரலம்மா. நீங்க அடைக்கும்போதே உள்ள படுத்திருக்கு. பாம்போட சேர்த்துப் பூட்டிட்டீங்க."

இளையவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் விடவில்லை.

"கேட்டீங்களாக்கா? வெளிய போக முடியாம முட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. அப்போ உள்ளயும் எதுவும் வர முடியாது. நான் கூட்டைப் பிரிக்க மாட்டேன்."

"புத்திசாலிதான். பாம்புக்குப் பாய் போட்டவ."

"முட்டை திங்கும்போது நம்ம கோழி, பாம்பு வந்தா என் கோழியா?"

மூத்தவள் முகம் சுண்டியது. மாமனாரைப் பார்த்தாள்.

"வலை சரியாத்தான் இருக்கு. கூடு இருக்கட்டும்" என்றார் அவர்.

"இருக்கட்டும். ஆனா இவ கூட ஒரே அடுப்புல இனி நான் சமைக்க மாட்டேன்."

இளையவள் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உதறிவிட்டாள்.

"சரிக்கா. உங்களுக்கு எந்த அடுப்பு வேணும், சொல்லுங்க."