கத்தரிக்காரியின் ஈறு

தையல் கூடத்தில் அவளுக்குப் பெயரே ‘கத்தரிக்காரி’தான். பெரிய கத்தரியை எடுத்தால் துணி தானாக வழிவிடும் என்பார்கள். அப்படிப்பட்டவளுக்கு முடக்குவாதம் வந்து விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போயிற்று. மேற்பார்வையாளர் நல்ல மனுஷன்தான். "மூணு மாசம் பாக்கறேன்க்கா. சரியாகலைன்னா பொத்தான் தைக்கற பக்கம் உக்காந்துக்குங்க" என்றார். பொத்தானாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூட்டு டாக்டர் மாத்திரை எழுதியதோடு நிற்காமல் வாயையும் திறக்கச் சொன்னார். ஈறெல்லாம் சீழ்.

"ஈறுல புண்ணு இருந்தா மூட்டு வீக்கமும் அடங்காம நிக்கலாம். அதைச் சரி பண்ணினா சிலருக்குக் குறையுது. உங்களுக்குக் குறையும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

வலி கையில், வைத்தியம் வாயிலா என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். பல் டாக்டர் நான்கு தடவை உட்காரவைத்து, ஈறுக்கு அடியில் கெட்டியாகப் படிந்திருந்த பற்காரையைச் சுரண்டி எடுத்தார். "இனிமே ரெண்டு வேளையும் உள்பக்கம் வரைக்கும் தேய்க்கணும். விட்டீங்கன்னா பழைய கதைதான்."

அங்கேதான் இடித்தது. பிரஷ்ஷைப் பிடிக்க விரல் மடங்கினால்தானே! ஒரு வருஷமாக ஒப்புக்கு முன்பல்லில் இழுத்துவிட்டு, யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறாள். புருஷனிடம் சொல்லும்போது அழுகை முட்டியது.

அவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். "இவ்வளவுதானா? மூலை முடுக்கு விடாம பிரஷ் போடறவன் நான். வாயைத் திற."

"நான் என்ன பச்சைக் குழந்தையா?"

"அப்ப பொத்தான் தைக்கப் போறியா?"

திறந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் ஒரு வேளைகூடத் தவறவில்லை. சண்டை போட்ட நாட்களில் பதில் பேச முடியாமல் அவள் பட்ட பாடு தனி.

மூன்றாம் மாதம் வீக்கம் வற்றியது. "மருந்தாலயா, ஈறு ஆறினதாலயான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றார் மூட்டு டாக்டர்.

"எதுக்குப் பிரிக்கணும்? நான் ரெண்டையும் விடறதா இல்ல."

கெடு முடிந்த அன்று மேற்பார்வையாளர் ஆறு அடுக்குத் துணி விரித்தார். கட்டைவிரல் சுள்ளென்றது. நிறுத்தாமல் வெட்டினாள். கழுத்து வளைவில் ஒரு நூல் அளவு கோணிவிட்டது. அதை முதலில் பார்த்தவளும் அவள்தான்.

அவர் வாயெடுப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள். "கோணிப்போச்சு, பாத்துட்டேன். அடுத்த துணியை விரிங்க."

அவர் அவள் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அடுத்த துணியை விரித்தார்.