செல்லக்கிளியின் இரண்டு பிளாப்பிகள்

முத்திருளன் கார்பன் வைக்காமல் ஒரு கடிதம்கூட டைப் அடித்தவர் அல்ல. பஞ்சாலை ஆபீசில் தலை நரைக்கும்வரை டைப்பிஸ்டாக இருந்த பழக்கம் வீட்டிலும் விடவில்லை. பூட்டுக்கு இரண்டு சாவி, கரண்ட் போனால் ஏற்ற இரண்டு அரிக்கேன் விளக்கு, குடைகூட இரண்டு. "இந்த மனுசன் பொண்டாட்டிய மட்டுந்தான் ஒண்ணோட விட்டாரு" என்று சோலையம்மாள் வில்லாபுரத்துத் தெருவில் பாதிப் பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். பிள்ளையும் ஒன்றுதான். அதற்குத்தான் நகல் எடுத்து வைக்க முடியாமல் போயிற்று.

மகள் செல்லக்கிளிக்குக் கிட்னி கெட்டுப்போய், காலேஜை விட்டு வீட்டோடு கிடந்தபோது, சிங்கப்பூரில் இருந்த தாய்மாமன் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினான். பிள்ளைக்குப் பொழுது போகட்டும் என்றுதான். அதில் தமிழ் எழுத்துக் கிடையாது. அவள் தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள், உடம்பு முடிந்த நாளெல்லாம் ஒரு பக்கம். பெட்டிக்குள் எதுவும் தங்காது; செருகி எடுக்கும் ஒரே பிளாப்பியில்தான் எல்லாம் சேர்ந்தது. ஆடி மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். பிளாப்பி இருந்தது.

முத்திருளனுக்குத் தூக்கம் போயிற்று. அந்தக் கறுப்பு அட்டை ஒன்றே ஒன்று என்ற நினைப்பே அவரை அரித்தது. பழங்காநத்தத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய ராதாகிருஷ்ணனிடம் அதை எடுத்துக்கொண்டு போனார்.

"பேப்பர்ல அடிச்சு வச்சுக்கங்கண்ணே, இங்கனயே பிரிண்டர் இருக்கு" என்றான் அவன். "இல்லைன்னா பெட்டியப் பிரிச்சு ஹார்ட் டிஸ்க் போட்டு அதுல ஏத்திருவோம். அதுவும் வேணாம்னா இன்னொரு பிளாப்பியில காப்பி எடுத்து வேற வீட்ல வைங்க. என்னயக் கேட்டா பேப்பர்தான்."

பெட்டியைப் பிரிப்பதா? அவள் கை பட்ட பெட்டியில் ஸ்க்ரூ டிரைவர் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. பிரிண்டர் என்றால், பக்கம் வெளியே வரவர நாலு பையன்கள் சுற்றி நின்று வாசிப்பார்கள். வயசுப்பிள்ளை மனசுவிட்டு எழுதியதைப் பெற்ற தகப்பனே பயந்து பயந்து படிக்கிறான், ஊரான் படிப்பதா?

"காப்பியே போதும் தம்பி."

"சரிண்ணே. வெயில் ஆகாது, காந்தம் ஆகாது. இந்தா, அட்டையில ஓட்டை இருக்கு பாருங்க, அதுக்குள்ள பளபளன்னு தெரியுதுல்ல? அதுலதான் அம்புட்டு எழுத்தும் இருக்கு. விரல் படக் கூடாது."

ஒன்று வீட்டுப் பீரோவில். இன்னொன்று பழங்காநத்தத்தில் இருந்த தங்கை தங்கப்பொண்ணு வீட்டில். தீப்பிடித்தாலும் தண்ணீர் புகுந்தாலும் ஒரு வீட்டில்தானே நடக்கும்? பெண்கள் இருவரிடமும் வெயிலைச் சொன்னார், காந்தத்தைச் சொன்னார். விரலைச் சொல்லவில்லை. உறையை விட்டு அவர்கள் வெளியே எடுக்கப் போகிறார்களா என்ன என்று நினைத்துக்கொண்டார். பெரிய புத்திசாலி.

அமாவாசைக்கு அமாவாசை, காக்காய்க்குச் சோறு வைத்த பிறகு, ஒரே ஒரு பக்கம் படிப்பார். அதற்கு மேல் படித்தால் மகள் செலவாகிப்போவாள் என்று பயம். சோலையம்மாள் கதவோரம் நின்று பச்சை எழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டால், "நல்லாத்தான் எழுதியிருக்கா" என்று சொல்லிவிட்டு அணைத்துவிடுவார். சத்தம் போட்டுப் படித்தால் குரல் உடைந்துவிடும், வேறொன்றுமில்லை. ஆனால் கதவோரம் நிற்பவளுக்கு அது எப்படித் தெரியும்?

செத்த வருஷம் பண்டிகை கிடையாது. மறுவருஷம் சரஸ்வதி பூஜை வந்தது. முத்திருளன் கடைக்குப் போய்ப் பொரிகடலை வாங்கிக்கொண்டு திரும்பினார். தங்கப்பொண்ணு வந்திருந்தாள். சாமி படத்துக்கு முன்னால் செல்லக்கிளியின் காலேஜ் புத்தகங்கள், பேனா, எல்லாவற்றிலும் சந்தனம் குங்குமம். அடுக்கின் உச்சியில் இரண்டு பிளாப்பியும் உறை இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"எங்க வீட்ல இருந்ததையும் கொண்டாந்துட்டேண்ணே" என்றாள் தங்கை. "பிள்ள எழுதுனது எல்லாம் ஒண்ணா சரஸ்வதி முன்னால இருக்கணும்ல."

"கவர் மேல வச்சா கவருக்குத்தான பொட்டு?" என்றாள் சோலையம்மாள். "அதான் உருவிட்டேன். ஓட்டைக்குள்ள பளபளன்னு மொகம் மாதிரி இருந்துச்சு. ரெண்டுக்கும் அதுலயே வச்சுட்டேன்."

பன்னீரில் குழைத்த சந்தனம், நடுவில் குங்குமம். ஈரம் காயவில்லை. விரல்கூடப் படக் கூடாது என்று ராதாகிருஷ்ணன் சொன்ன இடம். முத்திருளனின் கை தானாக நீண்டது.

"தொடாதீங்க, சாமிக்கு வச்சதுல்ல. நாளைக்குப் பூசை முடிச்சுத்தான் எடுக்கணும்" என்று தடுத்தாள் சோலையம்மாள்.

அப்போதே துடைத்திருக்கலாம். ஆனால் மகள் போன ஆடிக்குப் பிறகு அன்றுதான் அவள் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. மகளுக்குப் பொட்டு வைத்துவிட்ட சந்தோஷம் அது. அதை எப்படித் துடைப்பது? காய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு கற்பூரத்தை ஏற்றினார்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து நாலு வரியாவது படிக்க வேண்டும். சோலையம்மாள் தலைக்குக் குளித்து, கதவோரம் நிற்காமல் அவர் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னைக்குப் பிள்ள எழுதுனதப் படிங்க. எனக்குக் கேக்குற மாதிரி படிங்க."

அவர் வேட்டி நுனியால் துடைத்தார். குங்குமம் போகவில்லை, இன்னும் பரவியது. கம்ப்யூட்டருக்குள் போட்டதும் கரகரவென்று ஒரு சத்தம். படிக்க முடியவில்லை என்று இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. இரண்டாவதைப் போட்டார். அதே சத்தம், அதே வரி. பேப்பராக இருந்திருந்தால் ஓரத்தில் ஒரு பொட்டு இருந்திருக்கும், அவ்வளவுதான். படிக்காமல் சேர்த்து வைத்த மகள் அம்புட்டும் போய்விட்டாள்.

"என்ன எழுதியிருக்கா?"

சொன்னால் யார் விரல் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு அவள் எப்படி இருப்பாள்? முத்திருளன் அந்த ஒற்றை வரியைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

"'எனக்கு உப்பு ஆகாதுன்னு அம்மாவும் உப்பில்லாமத்தான் சாப்பிடுது. நான் தூங்கிட்டேன்னு நெனச்சு அடுப்படியில ஒக்காந்து அழுகுது. எனக்கு எல்லாம் தெரியும். அம்மா மடியில படுத்தா வலியே இல்ல.'"

சோலையம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுது ஓய வெகுநேரம் ஆயிற்று.

"இம்புட்டு நாளா இத எனக்கு ஏங்க படிச்சுக் காட்டல?" என்று கேட்டாள்.

அவர் வேட்டி நுனியில் ஒட்டியிருந்த குங்குமத்தை உள்ளே மடித்து மறைத்தார்.

"இன்னும் இருக்கா?"

"நெறைய இருக்கு."

"மேல படிங்க" என்று அவள் ஸ்டூலை இன்னும் நெருக்கிப் போட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த ஒரே வரியைப் பார்த்து மேலே படிக்க ஆரம்பித்தார்.