இரண்டு குமிழிகள்

திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தின் அடித்தளத்தில் வடிகாலைத் தூர்வாரிக்கொண்டிருந்த தனகோட்டி, மண்வெட்டியை ஊன்றி அசையாமல் நின்றாள். காலுக்கடியில் தரை மெல்ல எழும்பி மெல்லத் தாழ்ந்தது. படுத்திருக்கும் மாட்டின் வயிற்றில் கால் வைத்தது போலிருந்தது.

"என்னாடி நின்னுட்ட?" என்றாள் கூடை சுமந்து வந்த சாமியம்மாள்.

"கீழ ஏதோ மூச்சு வுட்டுக்கினு இருக்குது."

சாமியம்மாளும் நின்று பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. "முனி கினி அடிச்சிருக்கும். மந்திரிச்சிக்க" என்றவள், அன்று முழுக்கத் தள்ளியே நின்று வேலை செய்தாள்.

காண்ட்ராக்ட் பெண்கள் எல்லோரும் வெறுங்கால். பம்பு ஓட்டும் பரமசிவம் பர்மனென்ட். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அவரிடம் சொன்னபோது சிரித்தார்.

"கரிக்கு அடியில ஊத்துத் தண்ணி எப்பவும் முட்டிக்கிட்டுத்தான் இருக்கும். அதுக்குத்தான ராப்பகலா பம்பு ஓடுது? ஒன் காலுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்!"

மூன்றாம் நாள் தரையின் மூச்சு கனத்தது. காலுக்குத் தெரிந்ததைக் கண்ணுக்கு எப்படிக் காட்டுவது? மதியக் கஞ்சியின்போது, பரமசிவம் எறிந்த டானிக் பாட்டிலில் கொஞ்சம் இடம் விட்டுத் தண்ணீர் நிரப்பி, மூடிப் படுக்க வைத்தாள். உள்ளே ஒரு குமிழி மேடான பக்கம் ஓடியது. சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு பாட்டிலைக் களிமண்ணில் பதித்து, குமிழி நின்ற இடத்தில் புடவை நூலைச் சுற்றிக் கட்டினாள்.

மறுநாள் காலை குமிழி நூலைத் தாண்டி ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. பத்தடி தள்ளி எதிரில் இன்னொரு பாட்டிலைப் பதித்தாள். மதியத்துக்குள் அந்தக் குமிழியும் நகர்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தன.

பரமசிவம் குனிந்து பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குமிழிகள் எறும்பு போல ஊர்ந்தன. இன்ஜினியரைக் கூட்டிவர ஓடினார்.

வந்த இளம் இன்ஜினியர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "யார் வச்சது?"

"நாந்தாங்க."

அவர் கைக்கடிகாரத்தையும் குமிழியையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டென எழுந்து விசில் ஊதினார். "எல்லாரும் மேல ஏறுங்க!"

நாற்பது பேரும் சரிவுப் பாதையை எட்டிவிட்டார்கள். பாட்டில்களுக்கு நடுவே தரை, சத்தமே இல்லாமல், பூரி போல உப்பியது. பிறகு பிளந்தது. வெள்ளை மணலும் தண்ணீரும் ஆளுயரம் பீறிட்டன. கூடைகளும் மண்வெட்டிகளும் உள்ளே போயின. சாமியம்மாள் தனகோட்டியின் கையை இறுகப் பிடித்திருந்தாள். பிறகு முனி நினைவு வந்தவளாய் அவள் முகத்தைப் பார்த்துக் கையை விட்டுவிட்டாள்.

மறுநாள் இன்ஜினியர் தனகோட்டியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லி, நோட்டில் படம் போட்டுக்கொண்டார்.

"ஆறு பாட்டில வட்டமா வச்சா, எங்க எழும்புதுன்னு முன்னாடியே சொல்லிடலாங்க" என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் மனசுக்குள் பாட்டில்கள் வட்டம் வட்டமாக விரிந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தனக்கே தருவார்களோ?

சனிக்கிழமை காண்ட்ராக்டரின் மேஸ்திரி வைத்திலிங்கம் மைப்பெட்டியும் ஒரு தாளுமாக வந்தான். பெண்கள் வரிசையில் நின்று கைநாட்டு வைத்தார்கள். தன் முறை வந்ததும் தனகோட்டி தாளைப் பக்கத்தில் நின்ற பரமசிவத்திடம் நீட்டினாள்.

"படிச்சி சொல்லுங்கண்ணே."

அவர் குரல் இறங்கியது. "சம்பவம் நடந்தப்ப காண்ட்ராக்ட் ஆளுங்க யாரும் கீழ இல்லைன்னு போட்டிருக்கு. எறக்கக்கூடாத எடத்துல ஒங்கள எறக்குனது தெரிஞ்சா காண்ட்ராக்டர் லைசென்ஸ் போயிரும்."

"அப்ப பாட்டில வச்சது யாருங்க?"

"'இன்ஜினியர் அமைத்த சோதனைக் குழாய்'னு இருக்கு."

"நான் அங்க இருந்தனே, அண்ணே. நீங்க பாத்தீங்களே."

பரமசிவம் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பம்பு ஷெட்டுப் பக்கம் நடந்தார்.

"வைக்கலன்னா திங்கக்கெழம வராத" என்றான் வைத்திலிங்கம். அவள் கட்டை விரலைப் பிடித்து மையில் உருட்டி, தாளில் அழுத்தி எடுத்தான்.

அங்கே யாரும் இருக்கவில்லை என்ற வரிக்குக் கீழே, அவள் ரேகைகள் ஒன்றுக்குள் ஒன்றாக, ஈரம் காயாமல், ஒரு கோடு கூடப் பிசகாமல் பதிந்திருந்தன.