துலக்கிய எஞ்சின்

வாகனச் சோதனைக் கூடத்து வரிசையில் இன்னும் ஒரே ஒரு கார்தான் முன்னால் நின்றது. டிரைவர் இறங்கிப் பானெட்டைத் தூக்கிக் கம்பியால் முட்டுக் கொடுத்தான். துணைக்கு வந்திருந்த மெக்கானிக், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டார். பின்சீட்டில் டிரைவரின் மனைவி வண்டிக் காகிதங்களை மடியில் வைத்து இறுகப் பிடித்திருந்தாள்.

பழைய கார். எஞ்சினில் அடித்த நம்பரைக் காகிதத்தோடு ஒப்பிட்டு, எஞ்சின் மாற்றப்படவில்லை என்று இங்கே சான்றிதழ் கொடுத்தால்தான் வாடகைக்கு ஓட்டலாம். வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு எட்டு மாதம் நாயாய் அலைந்து, ஆஸ்பத்திரி நர்சுகளை ஏற்றி இறக்கும் வேலையைப் பிடித்திருந்தான். நாளை காலை முதல் சவாரி. இன்று மாலைக்குள் சான்றிதழைக் காட்டாவிட்டால் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"என்னண்ணே, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

மெக்கானிக் டார்ச்சைக் கையில் எடுத்தார். "போல்ட்டெல்லாம் பார்த்துட்டேன். கம்பெனி பெயிண்ட் அப்படியே இருக்கு, ஸ்பானர் பட்ட தடமே இல்ல. பொறந்ததுல இருந்து இதே எஞ்சின்தான். எங்க வேணா வந்து சொல்றேன்."

டிரைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் மெக்கானிக் மறுபடியும் குனிந்தார்.

"ஏம்பா, நம்பர் அடிச்ச இடம் மட்டும் ஏன் இப்படிப் பளபளங்குது?"

மனைவி கீழே இறங்கி வந்தாள். முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. "நான்தாண்ணே. ஒரே துருவும் எண்ணெய்ப் பிசுக்கும். ஆபீசருக்கு நல்லாத் தெரியட்டும்னு காலையில உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். ஓட்டல்ல அடிப்பிடிச்ச அண்டாவையே புதுசாக்குறவ, இது எம்மாத்திரம்?"

பதினாறு வருடமாக ஓட்டலில் பாத்திரம் துலக்குகிறவள். புருஷனுக்கு ஒத்தாசையாக, தனக்கு நன்றாகத் தெரிந்த வேலையைச் செய்திருந்தாள். மெக்கானிக் டிரைவரைப் பார்த்தார். அவன் குனிந்து அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"கொஞ்சம் அழுக்கை அள்ளிப் பூசிரலாமாண்ணே?"

"சும்மா இருப்பா. வினையை விலைக்கு வாங்காத."

அதிகாரி வந்தார். மெல்லிய காகிதத்தை எண்ணின் மேல் ஒட்டவைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். ஒவ்வொரு எண்ணாக எழும்பி வந்தது. கடைசி இரண்டு வரவில்லை. பென்சில் கறுப்பு மட்டும் படிந்தது.

"எஞ்சின் மாத்தினது இல்ல சார். போல்ட்டப் பாருங்க" என்றார் மெக்கானிக்.

"என் ஃபாரத்துல போல்ட்டுக்குக் கட்டம் இல்லய்யா. நம்பரை அழிச்சது யாரு?"

"நான்தான் சார்" என்று டிரைவர் முந்திக்கொண்டான்.

"இல்ல சார், நான்." மனைவி அவனைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "அவருக்கு ஒண்ணுமே தெரியாது. அழிக்கணும்னு செய்யல சார், துடைக்கத்தான் செஞ்சேன்."

"அதை எழுதிக் கொடு. விசாரணை முடியற வரைக்கும் வண்டி இங்கேயே நிக்கட்டும்."

"எத்தனை நாளாகும் சார்?" என்று டிரைவர் கேட்டான்.

"அது என் கையில இல்ல."

அவளுக்கு எழுதத் தெரியாது. அதிகாரியே நாலு வரி எழுதி, மைப்பெட்டியை நகர்த்தினார். அவள் வலது கட்டைவிரலை வைத்து எடுத்தாள்.

"ரேகையே விழலியேம்மா. நல்லா அழுத்து."

அழுத்தினாள். இடது விரலையும் வைக்கச் சொன்னார், வைத்தாள். பின்னால் நின்ற கார் ஹாரன் அடித்தது. அதிகாரி சலித்துக்கொண்டு காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு கோடுகூட இல்லாமல் மூன்று கறுப்பு வட்டங்கள் இருந்தன. அவள் விரலைத் துடைத்துவிட்டு, மறுபடியும் மையில் வைத்தாள்.