வெள்ளையா, கெட்டியா

...மோராகிவிட்டது, மோரேதான், கெட்டியாவது மண்ணாவது, கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக ஒழுகுகிறது. நேற்று சாயங்காலம் லைனிங் துணியில் மூட்டை கட்டி, குழாயில் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக வடிய விட்டு, காலையில் அவிழ்த்தபோது வெண்ணெய் மாதிரி உட்கார்ந்திருந்த தயிர், அதைப் போய் மிக்ஸியில் போட்டு விர்ரென்று ஓட விட்ட என் புத்தியை எதால் அடிப்பது? மணி பன்னிரண்டு ஐந்து. ஒரு மணிக்கு மேசையில் இருக்க வேண்டும், ஒரு மணி என்றால் ஒரு மணி, பத்து நிமிடம் தாண்டினால் "பசி போயிடுச்சும்மா" என்று மகள் அறைக்குள் போய்விடுவாள், பசி என்னவோ செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போகிற விருந்தாளி மாதிரி. இரண்டு மாதத்தில் அவளாக வாயைத் திறந்து கேட்ட ஒரே பொருள் இது. வியாழக்கிழமை, கதவில் சாய்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "அத்தை வீட்ல அன்னிக்கு காய் மேல ஊத்தினாங்களே, வெள்ளையா, கெட்டியா... அந்த மாதிரி இருந்தா சாப்பிடுவேன்னு நினைக்கிறேன்" என்றாள். நினைக்கிறாளாம். நான் தையல் மிஷினில் இருந்தேன், காலை எடுக்கவில்லை, மிஷினை நிறுத்தினால் பயந்துவிடுவாள் என்று தோன்றியது, ஓடுகிற தையலைப் பார்த்துக்கொண்டே "சரி, சனிக்கிழமை பண்ணித் தரேன்" என்றேன், யாருடைய சட்டையோ காலர் கோணலாகப் போய்விட்டது, பிரித்துத் தைத்தேன்.

இன்று சனிக்கிழமை. நாளை மறுநாள் திங்கள், ஆஸ்பத்திரி, எடை மிஷின், போன தடவையைவிட ஒரு பொட்டு குறைந்தாலும் படுக்கையில் சேர்த்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், மூக்கு வழியாகக் குழாய் என்றும் சொன்னார், அதை அவள் எதிரிலேயே சொன்னார், அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயது, வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம், அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி இந்த வீட்டில் அவள் ஏறாத அலமாரி இல்லை, ஒளித்துவைத்த பிஸ்கட்டை மோப்பம் பிடித்து எடுத்துவிட்டு டப்பாவில் "நன்றி" என்று சீட்டு வைத்துவிட்டுப் போவாள். அந்த வாலு இப்போது மாடிப்படி ஏறினால் நடுவில் நின்றுகொள்கிறது... வேண்டாம், இப்போது அதை நினைக்காதே, முந்திரி ஊறிவிட்டதா பார். நல்லவேளை, ஒரு கை முந்திரியை வெந்நீரில் போட்டு வைத்திருந்தேன். மூட்டையில் இன்னும் பாதித் தயிர் இருக்கிறது, அதை மிக்ஸி பக்கமே கொண்டுபோகக் கூடாது, முந்திரியையும் பூண்டையும் மட்டும் அரைத்து எடுத்துக்கொண்டு தயிரைக் கையாலேயே மெதுவாகக் கலக்க வேண்டும். சொட்டு எலுமிச்சை, மிளகு, கடுகு விழுது அரை ஸ்பூன், உப்பு. ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஆனால் அவசரத்தில் பூண்டுத் தோல்கூட உரிய மாட்டேன் என்கிறது.

போனில் ஒருத்தி செய்து காட்டுகிறாள், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, "எண்ணெயே இல்லாம, முந்திரி இல்லாம, கொழுப்பு எடுத்த தயிர்ல, குற்ற உணர்ச்சியே இல்லாம சாப்பிடலாம் ஃப்ரெண்ட்ஸ்" என்கிறாள். குற்ற உணர்ச்சி! நீ ஒரு கிண்ணம் தயிரைத் தின்றுவிட்டு எந்தக் கோர்ட்டில் போய் நிற்கப் போகிறாய் தாயே? கடையில் விற்கிற பாட்டிலில் கண்டதைப் போடுகிறார்கள், அதனால் வீட்டில் செய்யுங்கள் என்கிறாள், அது நியாயம். மற்றதெல்லாம் எனக்குத் தலைகீழ். டயட்டீஷியன் பெண், அவளும் சின்னப் பெண்தான், என் வாலுவைவிட ஏழெட்டு வயது பெரியவளாக இருப்பாள், என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னாள், உங்க வீட்டுக்கு ஆரோக்கியம்னா வேற அர்த்தம் மேடம், ஆடை எடுக்காத பால்ல உறைஞ்ச தயிர், முந்திரி, எண்ணெய் பெரிய ஸ்பூன்ல மூணு, தலை தட்டாம, நிறைய நிறைய. ஒளிக்காதீங்க. கேட்டா இருக்குன்னு சொல்லுங்க, எவ்வளவுன்னு கணக்கு சொல்லாதீங்க. முக்கியமா நீங்க கூட உட்கார்ந்து அதே கிண்ணத்திலிருந்து சாப்பிடணும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில் சொன்னதற்கும் ஆட்டினேன், அது ஒரு விஷயமா என்று நினைத்தபடி.

போன் அதிர்ந்தது, அவர்தான். பஸ் டிப்போவில் வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிடுகிறார், பின்னால் ஹாரன் சத்தம். "சாப்பிட்டாளா?" "இன்னும் மணியே ஆகலைங்க." "என்ன பண்றே?" சொன்னேன். "எண்ணெய் இருக்குன்னு சொல்லிடாதே, இல்லைன்னு சாதிச்சிடு, உள்ள போனா போதும்." "ஒளிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல?" "அவங்க சொல்லுவாங்க, பெத்தவங்க நாமதானே?" என்றார், அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, "சரி, நீ பார்த்துக்கோ" என்று வைத்துவிட்டார். பார்த்துக்கொள்கிறேன். இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? கண்ணுக்கு எதிரில்தானே தேய்ந்தாள்? பன்னிரண்டு இருபத்தைந்து. அரைத்த முந்திரி பரவாயில்லை, விரலில் தேய்த்தால் லேசாக நறநறக்கிறது, இன்னொரு சுற்று.

எண்ணெய். ஒன்று... ஊற்றிவிட்டேன். இரண்டு... ஊற்றும்போதுதான் பார்த்தேன், என் இடது கை ஆள்காட்டி விரல் ஸ்பூன் மேல் வந்து நிற்கிறது. தலை தட்டுகிறது. நிறைந்த எண்ணெயை வழித்துப் பாட்டில் வாயிலேயே திருப்பி விடுகிறது. யார் சொன்னது உன்னிடம்? இருபது வருஷப் பழக்கம், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே, தோசைக் கல்லாக இருந்தாலும் வாணலியாக இருந்தாலும் ஸ்பூனில் எடுத்து, வழித்து, திருப்பி விட்டு, மிச்சத்தில் சமைக்கிற கை. அப்படியென்றால் முதல் ஸ்பூனையும் வழித்துத்தான் ஊற்றியிருக்கிறேனா? தெரியவில்லை, கை தன் பாட்டுக்குச் செய்திருக்கிறது, என்னைக் கேட்கவே இல்லை. கோபம் வந்தது, பாட்டிலை அப்படியே சாய்த்தேன், மூன்றோ நாலோ, எத்தனையோ, தங்க நிறத்தில் கிண்ணத்தில் குளம் கட்டியது, அதைப் பார்த்ததும் ஐயோ இவ்வளவா என்று கை பாட்டிலை நிமிர்த்திவிட்டது. மகளுக்கு உயிர் போகிற அவசரம், அம்மாவுக்கு எண்ணெயைக் கண்டால் பயம். நல்ல குடும்பம்.

கலக்கு, ஒரே பக்கமாகக் கலக்கு. தயிர் மெல்ல மெல்ல எண்ணெயை வாங்கிக்கொள்கிறது... வெள்ளைக்காரத் துரைசானி மாதிரி மினுமினுவென்று வருகிறது, வா, வா, பிரிந்துவிடாதே. பிரிப்பதும் பிடிப்பதும்தான் என் தொழில், இதில் மட்டும் பிரிந்தால் சேர்க்கத் தெரியாது. போன வருஷம் ஸ்கூல் திறந்தபோது வந்தாள், "ஸ்கர்ட் லூசா இருக்குமா, இடுப்புல கொஞ்சம் பிடிச்சுக் குடு." பிடித்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து மறுபடி, "இன்னும் கொஞ்சம் பிடிம்மா." பிடித்தேன். நான்கு தடவை. நான்கு தடவையும் நானே ஊசியும் நூலுமாக உட்கார்ந்து, என் பெண்ணின் இடுப்பைச் சுற்றி டேப் போட்டு, குண்டூசி குத்தி, கண்ணாடி முன்னால் திருப்பி நிறுத்தி, எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது பார் என்று என் தையலை மெச்சிக்கொண்டேன். ஊரில் எந்த அம்மாவுக்குத் தெரியாவிட்டாலும் டேப் பிடிக்கிற அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? பிளவுஸ் தைக்க வந்த பாங்க் மேனேஜர் அம்மா "உன் பொண்ணு மாதிரி இடுப்பு வேணும்னா நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டபோது, வாலு அங்கேதான் பட்டன் கோத்துக்கொண்டிருந்தாள், நான் சிரித்துக்கொண்டே, பெருமையாக, பெருமையாகத்தான், "வாயைக் கட்டணும் மேடம், என் பொண்ணு கெட்டிக்காரி" என்றேன். சொன்னேனே. இந்த வாயால் சொன்னேனே. உப்பு போட்டேனா? போட்டேன்.

கெட்டியாக வந்துவிட்டது. கரண்டியைக் கவிழ்த்தால் விழாமல் நிற்கிறது. வெள்ளரி, கேரட், வேகவைத்த சோளம், கோஸ் இலை, எல்லாம் பெரிய தட்டில். கிண்ணம் நடுவில். இரண்டு சின்னத் தட்டு, இரண்டு ஸ்பூன். ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவள் வந்தாள், வெயில் காலத்தில் முழுக்கை ஸ்வெட்டர், நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். நான் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"எண்ணெய் போட்டியா?"

இல்லை என்று சொல்லிவிடு, சொல்லிவிட்டால் சாப்பிடுவாள், உள்ளே போனால் போதும் என்றாரே அவர், திங்கட்கிழமை, மிஷின், குழாய்... "போட்டிருக்கேன்."

"எவ்ளோ?"

"வேணுங்கற அளவு."

அவள் முகம் மூடிக்கொண்டது, கடை ஷட்டர் இறங்குகிற மாதிரி, எனக்குத் தெரியும் அந்த முகம், அவ்வளவுதான், கெடுத்துவிட்டேன், எழுந்து போகப் போகிறாள். போகவில்லை. கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "நீ மொதல்ல சாப்பிடு." இவ்வளவுதானே, அம்மா சாப்பிட மாட்டேனா? நான் எப்போதும் காய் மேல் எலுமிச்சம்பழம் மட்டும் பிழிந்து சாப்பிடுகிறவள், அது அவளுக்கும் தெரியும், வெள்ளரித் துண்டை எடுத்தேன், நன்றாகத் தோய்த்தேன், அவள் பார்க்கிற மாதிரி வாயில் போட்டேன். நன்றாக இருந்தது. பூண்டு காரம், மிளகு, அந்த வழுவழுப்பு நாக்கில் பரவுகிறது, உண்மையிலேயே நன்றாக இருந்தது, நான் கடைசியாக இப்படி ஒன்றை எப்போது சாப்பிட்டேன்? அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மென்றேன். இன்னும் மென்றேன். விழுங்கு, ஏன் விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருக்கிறாய், குழந்தை பார்க்கிறாள். சரி, ஒன்று சாப்பிட்டால் என்ன ஆகிவிடும், ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டால் சரியாகிவிடும்... விழுங்கினேன்.

"ராத்திரி சாப்பிட வேணாம்னு இப்ப நினைச்சேல்ல?" என்றாள்.

இல்லை என்பதற்கு வாய் திறந்துவிட்டது. அவள் கண்ணில் கோபம் இல்லை, கிண்டல்கூட இல்லை, சக பயணியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எத்தனை வருஷம் இந்த மேசையில் என்னைப் பார்த்துக்கொண்டே வளர்ந்திருப்பாள்? நான் அவள் தட்டைப் பார்த்தேன், அவள் என் தட்டைப் பார்த்தாள். "ஆமா," என்றேன். "நினைச்சேன்."

"எனக்கும் அப்படித்தான் சொல்லும்."

"எது சொல்லும்?"

அவள் வெள்ளரித் துண்டின் நுனியைக் கிண்ணத்தில் தொட்டாள், தொட்டுவிட்டு அங்கேயே வைத்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, என்னை நோகடிக்கக் கூடாது என்று யோசித்த மாதிரி இருந்தது, "உள்ள. எதைச் சாப்பிட்டாலும் சொல்லும். உன் குரல்லதாம்மா சொல்லும்" என்றாள்.

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். என் குரல் என்றால் எந்தக் குரல், திட்டுகிற குரலா, சிரித்துக்கொண்டு பேசுகிற குரலா, கேட்கப் பயமாக இருந்தது, அன்பாகச் சொல்லுமோ, அன்பாகத்தான் சொல்லும். அழக் கூடாது, அழுதால் சாப்பாடு அத்தோடு சரி. இன்னொரு துண்டை எடுத்துத் தோய்த்தேன், முதல் துண்டைவிட நிறைய, வாய்க்குக் கொண்டுபோனேன், கொண்டுபோகும்போதே உள்ளே அது ஆரம்பித்துவிட்டது, போதும், போதும் என்று, இருபது வருஷமாக நான் அதை என் புத்தி என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன், இது யார் குரல், எனக்கு யார் கொடுத்தது... எதிரில் அவள் கையில் அந்த வெள்ளரித் துண்டு, நுனியில் வெள்ளையாக, இன்னும் மேலே எழவில்லை, அவளுக்கும் இப்போது நான்தான் பேசிக்கொண்டிருப்பேன், நான் வாயை மூடினால் அவளுக்குள் மூடுமா என்று தெரியாமல் நான் மென்றுகொண்டே இருந்தேன்.