முட்டிவலிக்கு ஓர் அல்லேலூயா

தவக்காலத்தில் எங்கள் வீட்டில் அல்லேலூயா என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. கோயிலிலேயே அந்த நாட்களில் அதைப் பாடுவதில்லை. என் அப்பா அருள்பிரகாசம் இன்னும் ஒரு படி மேலே போய், ஈஸ்டர் வரை ரேடியோவுக்கும் துணி போட்டு மூடிவிடுவார். துறைமுகத்தில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர்; ராயபுரத்தில் எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்துக்குத் தலைவர். இரண்டும் சேர்ந்தால் ஒரு மனிதர் எப்படி இருப்பாரோ அப்படித்தான் இருந்தார்.

இந்த லட்சணத்தில்தான் என் வீட்டுக்காரர் அலெக்ஸாண்டருக்கு அந்த வாய்ப்பு வந்தது. வருஷக்கணக்காகப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறார். ஒரு கேசட்டில்கூட அவர் வாசிப்பு ஏறியதில்லை. 2001இல் கோயில் சார்பாக ஈஸ்டர் பாட்டுக் கேசட் போடுவதாக முடிவாயிற்று. அல்லேலூயா பாட்டின் நடுவில் வரும் தனி வாசிப்பை அவர் வீட்டிலேயே பதிந்து, ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு வரும் குருத்து ஞாயிறுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அதே குழுவில் இருக்கிற மனோகரன் தன் கீபோர்டில் கிட்டார் பட்டனை அமுக்கி வேலையை முடித்துவிடுவான். அதைச் சொல்லும்போது அலெக்ஸ் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஈஸ்டருக்குக் கேசட் வர வேண்டுமென்றால் தவக்காலத்தில்தானே பதிய வேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

அவருடைய பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் சத்தத்தை ஏற்றினால்தான் நல்ல தொனி தரும். ஏற்றினால் தெருவே எழுந்து உட்காரும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டினாலோ ஆம்ப்ளிஃபயர் புகைந்துபோகும். அதனால் பர்மா பஜாரில் தேடி ஓர் அட்டெனுவேட்டர் வாங்கி வந்தார். டிபன் டப்பா அளவில் ஓர் இரும்புப் பெட்டி. ஸ்பீக்கருக்குப் போகிற சத்தத்தைக் குறைப்பதற்கென்று செய்தது. முழுக்கத் திருகிவிட்டால் மொத்தத்தையும் அதுவே விழுங்கிவிடும். ஸ்பீக்கர் இருக்கிறது என்று நம்பி ஆம்ப்ளிஃபயர் பாட்டுக்கு உழைத்துக்கொண்டிருக்கும். பெட்டியிலிருந்து ஒரு வயர் டேப் ரெக்கார்டருக்கு, அவர் காதில் ஹெட்போன். நமக்குக் கேட்பதெல்லாம் கம்பியின் கிணுகிணுப்புதான். கொசு அதைவிடச் சத்தம் போடும்.

வாசிப்பது அல்லேலூயா என்று அப்பா கண்டுபிடித்துவிட்டார். அன்பியமே எங்கள் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தது.

"சத்தம் வர்ல, சரி. அப்ப பாட்டு எங்க போச்சு மாப்ள?"

தெரியாது மாமா என்று சொல்லியிருக்கலாம். என் உத்தமபுத்திரன் உண்மையைச் சொன்னார்: அவ்வளவும் பெட்டிக்குள் சூடாக மாறிவிடுகிறது என்று. அப்பா பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். வெடுக்கென்று கையை எடுத்தார்.

"அப்ப அல்லேலூயா இதுக்குள்ளதான் சூடா கீது."

எல்லோரும் தலையாட்டினார்கள். தீர்ப்பும் வந்தது. காதில் விழாததால் விரதம் கெடவில்லை, வாசிக்கலாம். ஆனால் அந்தச் சூட்டை ஈஸ்டருக்கு முன்னால் யாரும் அனுபவிக்கக் கூடாது. அதன் மேல் காபி வைக்கக் கூடாது, குளிர் காயக் கூடாது. இந்தப் பங்குனி வெயிலில் ராயபுரத்தில் எந்தப் பைத்தியம் குளிர் காயும் என்று கேட்டேன். என்னை யாரும் சட்டை செய்யவில்லை.

அப்போதுதான் என் அம்மா சிலுவையம்மாள் எழுந்து நின்றாள். சும்மா எழுந்தாள், சுவரைப் பிடிக்காமல். சில நாளாகவே துண்டு சுற்றிய முட்டியை அந்தப் பெட்டியோடு ஒட்டி வைத்திருந்தாளாம், வலி விட்டுப்போயிற்றாம். அப்பா நெடுநேரம் தாடையைத் தடவினார். வைத்தியம் அனுபவத்தில் சேராது என்றார்.

மறுநாளே கூட்டம். மீன் விற்கிற கெங்கம்மா கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்தாள். அவளுக்கும் கோயிலுக்கும் சம்பந்தமே இல்லை. எப்போது நல்ல சூடாக இருக்கும் என்று மட்டும் கேட்டாள். காலடிப்பேட்டையிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்தார்கள். நான் ஆளுக்கொரு துண்டு கொடுத்தே ஓய்ந்துபோனேன்.

முட்டிகளுக்குச் சீக்கிரமே ஞானம் வந்துவிட்டது. மெதுவாக வாசித்தால் சூடு குறைவு, முரட்டுத்தனமாக அடித்தால் நல்ல சூடு. அலெக்ஸின் தனி வாசிப்போ மெதுவானது. கல்லறை திறந்து கிடப்பதைப் பார்த்துப் பெண்கள் திகைத்து நிற்கிற இடம் அது. நடுவில் ஒன்றுமே வாசிக்காமல் கொஞ்ச நேரம் விட்டு, அதற்குப் பிறகுதான் மெல்ல எழும்பும். ஒவ்வொரு முறையும் சரியாக அந்த இடத்தில் யாராவது தோளைத் தட்டி, ஆறிப்போச்சுப்பா என்பார்கள். மைக் இல்லாததால் அவர்கள் பேச்சு டேப்பில் விழாது. தோளைத் தட்டினால் கை தடுமாறுவது விழும். அவரும் உடனே தனி வாசிப்பை விட்டுவிட்டு முட்டிகளுக்காக வறட்டு வறட்டென்று அடிக்க ஆரம்பித்துவிடுவார்.

குருத்து ஞாயிறு நெருங்கிவிட்டது. கேசட் முக்கியமா, கெங்கம்மா முட்டி முக்கியமா என்று சண்டை போட்டேன். பாவம், நடக்க முடியாமல் வருகிறார்களே என்றார். ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. விடவில்லை, உள்ளே போய் அழுதேன்.

அது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம், கூடம் நிறைய முட்டிகள் இருக்க, "இன்னிக்கு என் பாட்டுதான்," என்றார். தோளுக்கு எட்டாதபடி மூலையில் போய் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். பெட்டி ஆறத் தொடங்கியது. கரண்டு போய்விட்டதா என்று கெங்கம்மா கேட்டாள். பிறகு ஒவ்வொருத்தியாக முனகிக்கொண்டே கிளம்பிவிட்டார்கள். என்னைப் பெற்ற தாயும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

அப்பா மட்டும் போகவில்லை. அவர்கள் விட்ட இடத்தில் உட்கார்ந்து, பெட்டியின் மேல் உள்ளங்கையைப் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டார். பாய்லரை அப்படித்தான் பார்ப்பார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

வாசித்து முடித்து டேப்பை நிறுத்தினார் அலெக்ஸ். ஒரு பிசகும் இல்லை என்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காலிப் பாய்களைப் பார்த்தார். இத்தனை வருஷம் காத்திருந்து வாசித்ததை ஒரு ஜீவன் கேட்கவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

அப்பா கையை எடுக்காமலே பேசினார்.

"நடுவுல ஒரு எடத்துல ஆறிச்சு பாரு மாப்ள. ஒண்ணுமே இல்லாம போயி, அப்பால மெதுவா ஏறிச்சு. அங்க எனுக்கு அழுகை வந்துட்ச்சு."